ரீடிங்கிலிருந்து கடலோரம்: கேம்பர்வேனும் நான்கு சைக்கிள்களும்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். இங்கிலாந்தின் ரீடிங் நகரத்தில் வசிக்கிறீர்கள், 9 வயதில் ஒரு மகன், 6 வயதில் ஒரு மகள். வெள்ளிக்கிழமை மாலை, படுக்கையும் அடுப்பும் உள்ள வாடகைக் கேம்பர்வேனில் நான்கு சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, கடலோரமாகவே ஊர் ஊராக நகர்ந்து, பிடித்த கடற்கரையில் வண்டியை நிறுத்தித் தூங்கி, பகலில் கடற்கரைப் பாதையில் சைக்கிள் ஓட்டிவிட்டு ஞாயிறு இரவு வீடு திரும்ப ஆசைப்படுகிறீர்கள். அதற்கு எந்தக் கடலோரம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது ஊரின் பெயர்தான் என்றாலும், அதற்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: சின்னப் பிள்ளைகளோடு, இரண்டே நாளில், இது நிம்மதியாக நடக்குமா? நடக்கும். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் திட்டத்தில் ஒன்றை மாற்ற வேண்டும். வேன் ஒரே இடத்தில் இரண்டு இரவும் நிற்கட்டும். ஊர் பார்க்கும் வேலையைச் சைக்கிளிடம் விட்டுவிடுங்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று இரண்டையும் ஓட்டப் பார்த்தால், ஞாயிறு மாலை கணக்குப் போடும்போது சைக்கிளில் கழிந்த நேரம் மூன்று மணி, வண்டிக்குள் கழிந்த நேரம் பன்னிரண்டு மணி என்று வந்து நிற்கும்.

சொல்வது யார் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். சஃபோக் கடலோரத்தில் 17 ஆண்டுகளாக வசிக்கிறேன். 11 ஆண்டுகளாக எங்களிடம் ஒரு பழைய வேன் இருக்கிறது. பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சாலையில் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தரும் பைக்கபிலிட்டி பயிற்சிதான் என் தொழில். ஆகவே குழந்தை, சைக்கிள், காற்று, கடலோரப் பாதை ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பிக் கிளம்பலாம். வாடகை வேன் இரண்டே முறைதான் எடுத்திருக்கிறேன். ஒப்பந்த நுணுக்கங்களில் என் அனுபவம் சிறியது. சட்டத்தைப் பற்றிச் சொல்வது வண்டி ஓட்டுகிறவராக நான் தெரிந்துகொண்டது. நான் வழக்கறிஞர் இல்லை.

கடற்கரையில் நிறுத்தித் தூங்குவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாத் திட்டமும் இதைப் பொறுத்தது. உறுதியானது இது: இங்கிலாந்தில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஓர் உரிமையாளர் இருக்கிறார், அவர் சம்மதம் இல்லாமல் அங்கே வண்டியில் இரவு தங்கும் உரிமை நமக்குக் கிடையாது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறதே என்று பலர் சொல்வார்கள். அது கூடாரம் அடித்துத் தங்குகிறவர்களுக்கானது. மோட்டார் வண்டிக்கு அங்கேயும் பொருந்தாது. அனுமதியில்லாமல் சாலையை விட்டு இறங்கித் திறந்த நிலத்தில் வண்டி ஓட்டுவது 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். இடத்துக்கு இடம் மாறுவது கவுன்சில் கார் பார்க் விஷயம். சில கவுன்சில்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓரிரவு தங்க விடுகின்றன. பல கவுன்சில்கள் தூங்கவும் சமைக்கவும் கூடாது என்று பலகை வைத்திருக்கின்றன. ஒரே கவுன்சிலின் இரண்டு கார் பார்க்குகளில் இரண்டு விதி இருப்பதும் உண்டு. முந்தைய ஆண்டு தங்கிய இடம்தானே என்று பலகையைப் படிக்காமல் ஒருமுறை நிறுத்தினோம். இரவு 11 மணிக்குக் கதவு தட்டும் சத்தம். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை அப்படியே அள்ளி இருக்கையில் உட்கார வைத்து பெல்ட் மாட்டி, மழையில் 40 நிமிடம் ஓட்டினோம். விதியை மாற்றியிருந்தார்கள், தட்டியவர் மேல் தவறில்லை. 6 வயதுக் குழந்தையோடு அந்த இரவு உங்களுக்கு வேண்டாம். முன்பதிவு செய்த கேம்ப்சைட்டுக்குப் போங்கள்.

அடுத்தது கடற்கரைப் பாதை. இங்கிலாந்தைச் சுற்றி மூன்றாம் சார்லஸ் மன்னர் பெயரில் ஏறத்தாழ 2,700 மைல் நீளத்துக்கு அமையும் பாதையைப் பற்றியும், மைன்ஹெட்டிலிருந்து பூல் துறைமுகம் வரை 630 மைல் ஓடும் தென்மேற்குக் கடலோரப் பாதையைப் பற்றியும் படித்திருப்பீர்கள். இரண்டும் நடப்பவர்களுக்கானவை. சைக்கிளுக்கு உரிமையுள்ள சில துண்டுகள் அவற்றோடு சேர்ந்து ஓடுகின்றன என்பது உண்மைதான், ஆனால் பாறை உச்சியில் ஆளொருவர் அகலத்தில் போகும் பாதையில் சைக்கிளுக்கு இடமும் இல்லை, உரிமையும் இல்லை. கம்பத்தில் இருக்கும் அம்பின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு குதிரைப் பாதை. 1968ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து சைக்கிளும் அதில் போகலாம், ஆனால் சேறும் கல்லுமாக இருந்தால் உங்கள் மகள் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். நீங்கள் தேட வேண்டியது நீலப் பலகையில் சிவப்புக் கட்டத்துக்குள் ஓர் எண் போட்டிருக்கும் தேசிய சைக்கிள் பாதை. அதிலும் எல்லாமே வண்டிகள் வராத பாதை இல்லை; பாதிக்கு மேல் சாதாரணச் சாலையோடு போகிறது. வரைபடத்தில் வண்டி வராத பகுதியைத் தனியாகக் குறித்திருப்பார்கள், அதை மட்டும் பாருங்கள்.

குழந்தைகளுக்கு உகந்த கடலோரப் பாதைகள் இரண்டு வகை என்று என் அனுபவத்தில் சொல்வேன்: பழைய ரயில் பாதைகள், கடல் தடுப்புச் சுவர்கள். 1963இல் பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் கொடுத்த அறிக்கைக்கு முன்னும் பின்னுமாக, வருமானம் போதாத கிளைப் பாதைகளை வரிசையாக மூடினார்கள். கடற்கரை ஊர்களுக்குக் கோடையில் கூட்டம் ஏற்றிப்போன எத்தனையோ தடங்கள் அதில் போயின. ஊர்க்காரர்களுக்கு அது பெரிய இழப்பு. ஆனால் தண்டவாளத்தை எடுத்த பிறகு மிஞ்சிய தடம் சைக்கிளுக்கு அப்படிப் பொருந்தியது. நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் குன்றை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் சரிவைக் குறைத்திருந்தார்கள். டெவனிலும் கார்ன்வாலிலும் சாலையில் ஓட்டினால் பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும். பக்கத்திலேயே பழைய ரயில் தடத்தில் 6 வயதுக் குழந்தை பாடிக்கொண்டே போகும்.

ரீடிங்கிலிருந்து முதல் பயணத்துக்கு நான் சொல்லும் இடம் தென்கரையில் இருக்கும் ஹெய்லிங் தீவு. ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். ஹேவன்ட் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்து தீவின் மேற்குக் கரையோரமாக ஏறத்தாழ 5 மைல் போகும் ஹெய்லிங் பில்லி பாதை உங்களுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். 1867இல் திறந்து 1963 நவம்பரில் மூடிய ரயில் பாதை அது. அதில் ஓடிய குட்டி எஞ்சின்களைத்தான் ஹெய்லிங் பில்லி என்று அழைத்தார்கள். தீவையும் கரையையும் இணைத்த மரப்பாலம் பழுதாகி, சரிசெய்யப் பணம் ஒதுக்காததால் ரயில் நின்றது. தீவுக்குப் போகும் சாலைப் பாலம் தொடங்கும் லாங்ஸ்டனில், அந்தப் பாலத்தின் மேல் சைக்கிளை நிறுத்தி மேற்கே பாருங்கள். அந்தப் பழைய பாலத்தின் அடிக்கட்டைகள் தண்ணீரில் வரிசையாக நிற்பது தெரியும். கடல் வற்றும்போது அவற்றின் மேல் பாசி பச்சையாகத் தொங்கும், கடற்பறவைகள் ஆளுக்கொரு கட்டையில் உட்கார்ந்திருக்கும். பாலம் முடிந்து தீவுக்குள் இறங்கியதும் பாதை வலப்புறம் திரும்பி லாங்ஸ்டன் துறைமுகத்தின் விரிந்த நீரை ஒட்டிப் போகிறது. கரடுமுரடான சரளை, மழை பெய்த மறுநாள் சேறாகும். மெல்லிய டயர் போட்ட பந்தய சைக்கிள் வேண்டாம். தீவுக்குள் போக ஒரே ஒரு சாலைப் பாலம்தான். வெயில் அடிக்கும் சனிக்கிழமை காலை 11 மணிக்குப் போனால் வரிசையில் நின்றுகொண்டே இருப்பீர்கள், அதனால் வெள்ளி இரவே தீவுக்குள் போய்விடுங்கள்.

இரண்டாவது பயணத்துக்கு இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் கென்ட். ஹெர்ன் பேயிலிருந்து கிழக்கே ரெகல்வர், அங்கிருந்து கடல் சுவர் மேலேயே மின்னிஸ் பே, பிறகு சற்று உள்ளே பர்ச்சிங்டன் ரயில் நிலையம். எல்லாம் சேர்த்து 9 மைல் சுமார். ரெகல்வருக்கு முன்னால் ஓர் ஏற்றம் இருக்கிறது, பிள்ளைகள் இறங்கித் தள்ளட்டும். அதன் பிறகு தட்டையான கான்கிரீட் பாதை, ஒரு வண்டி கிடையாது. ரோமானியக் கோட்டை இருந்த இடத்தில் கட்டி, கடல் அரிப்பால் கைவிட்ட தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் தொலைவிலிருந்தே தெரியும். அந்தக் கோபுரம் வரைக்கும் என்று சொல்லிக் குழந்தைகளை அழைத்துப் போய்விடலாம். வலப்புறம் தெரியும் தாழ்ந்த வயல்வெளி ஒரு காலத்தில் கென்ட்டின் கிழக்கு முனையான தானெட்டைத் தனித்தீவாக வைத்திருந்த வான்ட்சம் என்ற கடல் நீரிணை. 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கி இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேர் இறந்தார்கள். அந்தக் கதையைச் சொன்னால், இந்தச் சுவர் எதற்காக நிற்கிறது என்று 9 வயதுப் பையன் தானே புரிந்துகொள்வான்.

கென்ட்டைச் சொல்ல முக்கியக் காரணம் அதன் ரயில். விட்ஸ்டபிள், ஹெர்ன் பே, பர்ச்சிங்டன், மார்கேட் நான்கும் ஒரே ரயில் தடத்தில் இருக்கின்றன. வார இறுதியில் சைக்கிளைத் தனிக் கட்டணம் இல்லாமல் ஏற்றிக்கொள்ளலாம், கூட்டம் அதிகமிருந்தால் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டிவரும். போன வழியே திரும்பி வர வேண்டியதில்லை என்பது குழந்தைகளோடு போகும்போது எவ்வளவு பெரிய உதவி என்பதை ஒருமுறை செய்து பார்த்தால் தெரியும். இந்த நாட்டில் பெரும்பாலான நாட்கள் காற்று தென்மேற்கிலிருந்து வீசுகிறது. ஹெர்ன் பேயிலிருந்து கிழக்கே போனால் அது முதுகில் இருக்கும், திரும்பும்போது ரயில். கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் இதையே மாற்றிச் செய்யுங்கள்: முதலில் ரயிலில் பர்ச்சிங்டன் போய், அங்கிருந்து ஓட்டி வாருங்கள்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். மேடு கண்ணுக்குத் தெரியும், முடியும் இடமும் தெரியும். காற்று தெரியாது, முடியவும் முடியாது. என் மகளுக்கு 7 வயதாக இருந்தபோது, நார்ஃபோக்கில் ஒரு கடல் சுவர் மேல் போனோம். போகும்போது அவள் மிதிக்கவே இல்லை. கையை விரித்துப் பார்க்கலாமா அப்பா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். 4 மைல் போன பிறகு ஐஸ்கிரீம் வாங்கித் தந்து திரும்பினோம். திரும்பிய நிமிடம் காற்று முகத்தில் அறைந்தது. மிகச் சிறிய கியரில் போட்டும் அவளால் நடக்கும் வேகத்துக்கு மேல் நகர முடியவில்லை. ஒரு மைல் கழித்துச் சத்தமில்லாமல் அழுதாள். அந்த அழுகைக்கு முழுக் காரணம் நான்தான். போகும்போது அவள் மிதிக்காமல் போனதைப் பார்த்த உடனே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து நான் மாற்றாத விதி: போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகுக் காற்று. அப்படி அமையாத இடத்தில் நினைத்த தூரத்தில் பாதியிலேயே திரும்பிவிடுவேன். ஹெய்லிங்கில் கேம்ப்சைட் தீவின் தெற்கில் இருந்தால் வடக்கே போவது சுகமாகவும் திரும்புவது பாடாகவும் இருக்கும். அங்கே இந்தப் பாதி விதியைப் பின்பற்றுங்கள். வேகமாகக் காற்று வீசும் நாளில் பெரியவர் ஒருவர் காற்று வரும் பக்கமாகச் சற்று முன்னால் ஓட்டினால் குழந்தைக்கு மறைவு கிடைக்கும்.

6 வயதுக் குழந்தை தட்டையான பாதையில் மணிக்கு 5 அல்லது 6 மைல் வேகத்தில் ஒரு நாளைக்கு 8 மைல் வரை சந்தோஷமாக ஓட்டும் என்பது நான் பார்த்தது. பழக்கம் உள்ள குழந்தை அதற்கு மேலும் ஓட்டும், பழகாதது 3 மைலில் களைக்கும். போவதற்கு முன் உங்கள் ஊரில் தேம்ஸ் கரையிலோ கெனட் கால்வாய் ஓரத்திலோ ஒரு ஞாயிறு அவளை ஓட்டவிட்டுப் பாருங்கள், அளவு தெரிந்துவிடும். சாலையில் போக நேர்ந்தால் பிள்ளைகள் நடுவில், ஒரு பெரியவர் முன்னால், ஒருவர் பின்னால். பின்னால் வருபவர் குழந்தையைவிடச் சற்றுச் சாலையின் நடுவை ஒட்டி ஓட்ட வேண்டும். அப்போதுதான் பின்னால் வரும் கார் உங்களைச் சுற்றிப் போகும்போது குழந்தைக்கும் இடம் கிடைக்கும். 2022 ஜனவரி 29 முதல் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது: குழந்தைகளோடு போகும்போது இருவராகச் சேர்ந்து ஓட்டலாம், 30 மைல் வரையிலான வேகத்தில் கடக்கும் கார் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை. நான் போடாமல் ஓட்டுவதில்லை, பிள்ளைகளையும் விடுவதில்லை.

வேனுக்கு வருகிறேன். சாதாரணக் கார் உரிமத்தில் 3,500 கிலோ எடை வரையுள்ள வண்டியை ஓட்டலாம், கேம்பர்வேன்களில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கும். இந்திய உரிமத்தில் ஓட்டுகிறீர்கள் என்றால் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வரைதான் செல்லும். வாடகைக்கு விடுபவர்கள் அதற்கு மேல் வயது, ஓட்டிய அனுபவம் என்று நிபந்தனை வைப்பார்கள், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு பேர் படுக்கலாம் என்று விளம்பரத்தில் இருந்தால் நான்கு பெல்ட் இருக்கை இருக்கிறது என்று பொருளில்லை; கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள். 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தைக்குரிய இருக்கை வேண்டும், ஆகவே உங்கள் மகளுக்கு நிச்சயமாகவும் மகனுக்குப் பெரும்பாலும் தேவைப்படும். கூரையைத் தூக்கித் திறக்கும் சிறிய வேனையே எடுங்கள். கடற்கரைக் கார் பார்க்குகளின் வாசலில் 2 மீட்டர் உயரத்தில் குறுக்குக் கம்பி போட்டிருப்பார்கள். பெரிய மோட்டர்ஹோம் 2.6 மீட்டருக்கு மேல் நிற்கும். வாடகைக் காப்பீடு மேற்கூரைச் சேதத்தைப் பல சமயம் ஏற்பதில்லை. வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங்கின் முன்னால் ஒட்டிக்கொள்ளுங்கள்; நான் சொந்த வண்டியிலேயே அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

சைக்கிள் ரேக்கில் நான்கு சைக்கிள் என்றால் எடையைப் பாருங்கள். ரேக்கின் மேல் அதன் தாங்கும் அளவு எழுதியிருக்கும். பின்பக்க எண் பலகையோ விளக்குகளோ மறைந்தால், தனியாக ஒரு விளக்குப் பலகையும் மஞ்சள் எண் பலகையும் மாட்ட வேண்டும், அது சட்டம். கனமான சைக்கிள் வண்டியை ஒட்டி முதலில் ஏறட்டும், மகளின் சின்ன சைக்கிள் கடைசியில். ஒன்றின் பெடல் இன்னொன்றின் கம்பியில் உரசும் இடத்தில் பழைய துணியைச் சுற்றுங்கள். கிளம்பி 10 மைல் போனதும் ஒருமுறை நிறுத்தி எல்லாப் பட்டைகளையும் இழுத்துப் பாருங்கள். முதல் 10 மைலில் ஒன்றாவது தளர்ந்திருக்கும்.

தங்குமிடத்துக்குப் பெரிய கேம்ப்சைட் மட்டும்தான் வழி என்றில்லை. கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப், கேரவன் அண்ட் மோட்டர்ஹோம் கிளப் இரண்டிலும் உறுப்பினராகச் சேர்ந்தால், விவசாயிகள் தங்கள் வயல் ஓரத்தில் 5 வண்டிகளுக்கு மட்டும் இடம் தரும் சிறு தளங்கள் கிடைக்கும். எனக்கு அவைதான் பிடிக்கும்: ஒரு குழாய், கழிவைக் கொட்ட ஓர் இடம், வேலிக்கு அப்பால் ஆடுகள், இரவில் முழு இருட்டு. நீங்கள் வேனையும் சைக்கிளையும் சேர்த்துக் கேட்டிருப்பதால் இதையும் சொல்லத் தோன்றுகிறது. இவற்றில் முதலாவது கிளப், 1901இல் தாமஸ் ஹைராம் ஹோல்டிங் என்ற தையற்காரர் சைக்கிளில் போய்க் கூடாரமடிப்பவர்களுக்காகத் தொடங்கிய சங்கம். வேன் அதற்குள் வந்ததெல்லாம் பிறகுதான். மே மாதத்தின் முதல், கடைசித் திங்கள், ஆகஸ்டின் கடைசித் திங்கள் ஆகிய விடுமுறை வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். சாலையும் நிறைந்திருக்கும், பல தளங்களில் மூன்று இரவுக்குக் குறைந்து பதிவு செய்யவும் விடமாட்டார்கள்.

மின் இணைப்புள்ள தளம் என்றால் பெரும்பாலும் 10 அல்லது 16 ஆம்பியர் தருவார்கள். 10 ஆம்பியர் என்றால் 2,300 வாட். தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் ஒன்றே அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். அதோடு ஹீட்டரைப் போட்டால் சுவிட்ச் விழுந்துவிடும். சமையலுக்கு நான் சொல்வது: சாம்பாரையும் குழம்பையும் வீட்டிலேயே செய்து கொண்டுபோங்கள். வேனுக்குள் குக்கர் வைத்தால் விடும் ஆவி அவ்வளவும் கண்ணாடியிலும் கூரைத் துணியிலும் படிந்து, இரவு 3 மணிக்குச் சொட்டுச் சொட்டாக நெற்றியில் விழும். எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இரண்டு நாளுக்குப் போதும். இதில் நான் மிகவும் அஞ்சுவது வேறொன்று. குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. அணைந்துவிட்டது என்று நினைத்து பார்பெக்யூ கரித்தட்டை வேனுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுவரக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். வாடகை வேனைக் கையில் வாங்கும்போதே அதற்கான அலாரம் இருக்கிறதா, பொத்தானை அழுத்தினால் கத்துகிறதா என்று பாருங்கள்.

கடலும் காத்திருக்காது. இங்கே ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் நாம் சென்னையில் பார்த்துப் பழகியதைவிடப் பல மடங்கு. பிரிஸ்டல் கால்வாய்ப் பக்கம் 14 மீட்டரைத் தொடும். ஹெய்லிங்கிலிருந்து கிழக்கே அரை மணி நேரத்தில் பாஷம் என்றோர் அழகான ஊர் இருக்கிறது. கடலைத் திரும்பிப் போகச் சொன்ன கனூட் அரசனின் கதையைத் தங்கள் ஊரில் நடந்ததாகச் சொல்கிறார்கள். அங்கே கரையோரச் சாலை நாள்தோறும் ஏற்றத்தில் மூழ்குகிறது, எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது. ஆனாலும் வற்றிய நேரத்தில் காலி இடம் என்று நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் உண்டு. திரும்பி வந்த ஒருவர், கதவுக் கைப்பிடி வரை தண்ணீரில் நின்ற தன் காரைப் பார்த்துப் பேச்சற்று நின்றதை நான் கண்டிருக்கிறேன். லாங்ஸ்டனிலும் வற்றும்போது தீவை நோக்கி ஒரு பழைய நடைபாதை தெரியும். நடுவில் கால்வாய் வெட்டிவிட்டதால் கடக்க முடியாது, சுற்றிலும் இடுப்பளவு சேறு. பிள்ளைகளை அதில் இறங்க விடாதீர்கள். குளிப்பதற்கு ஆர்.என்.எல்.ஐ. என்ற கடல் மீட்புத் தொண்டு நிறுவனத்தின் உயிர்காப்பாளர்கள் நிற்கும் கடற்கரையில், சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு நடுவில் மட்டும். காற்றடைத்த மிதவைகளைக் கடலுக்குக் கொண்டுபோகவே வேண்டாம்; கரையிலிருந்து வீசும் காற்று நிமிடத்தில் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆபத்து என்றால் 999 அழைத்துக் கடலோர மீட்புப் படையான கோஸ்ட்கார்டைக் கேளுங்கள்.

இன்னும் தொலைவான இடங்கள் மனதில் இருக்கும். கார்ன்வாலில் வேட்பிரிட்ஜிலிருந்து பேட்ஸ்டோ வரை முகத்துவாரத்தை ஒட்டி ஐந்தரை மைல் போகும் கேமல் பாதை, குழந்தைகளோடு போக இங்கிலாந்தில் இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. ஆனால் ரீடிங்கிலிருந்து போகவே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதை வார இறுதியில் செய்யாதீர்கள். பள்ளி அரைப்பருவ விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளையும் சுமக்க வேண்டாம், இரண்டு ஊரிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. வட டெவனில் பழைய ரயில் தடத்தில் போகும் டார்க்கா பாதைக்கும் இதேதான். போகும் வழியில் போர்லாக் மேட்டில் வேனை ஏற்ற வேண்டாம். நான்கு அடிக்கு ஓர் அடி உயரும் சரிவு அது. யார்க்‌ஷயரில் ஸ்கார்பரோவிலிருந்து விட்பி வரை 21 மைல் போகும் சிண்டர் டிராக் என்ற பழைய ரயில் தடத்தைப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு பாருங்கள்.

ஆகவே முதல் முறைக்கு இப்படிச் செய்யுங்கள். ஜூன் மாதத்தில் விடுமுறை ஒட்டாத ஒரு வாரம். அப்போது இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வெள்ளி மாலை ஹெய்லிங் போய்ச் சேர்ந்து, கூரையைத் திறந்து, தயிர்ச் சாதம் சாப்பிட்டுத் தூங்குங்கள். சனிக்கிழமை காலை லாங்ஸ்டன் பாலம் வரை, தென்மேற்குக் காற்று பலமாக இருந்தால் பாதி வழி வரை மட்டும், சைக்கிளில் போய்த் திரும்புங்கள், மாலை முழுக்கக் கடற்கரை. ஞாயிறு காற்று சரியாக இருந்தால் இன்னொரு சிறு சுற்று, இல்லாவிட்டால் கூழாங்கல் பொறுக்குவது போதும். மதியம் 2 மணிக்குள் கிளம்பிவிட்டால் மாலை நெரிசலில் மாட்ட மாட்டீர்கள். வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் நான்கு சைக்கிள்களின் சங்கிலியையும் அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். உப்புக் காற்றில் நின்ற சங்கிலி புதன்கிழமைக்குள் செந்நிறமாகிவிடும்.